சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை: நோய் இல்லாதவர்கள் அளந்து பார்ப்பது எப்படி?

சர்க்கரையை விடாமல் அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்ட முதல் நாள். மதியம் சாப்பிட்டு ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. திரையில் 158. எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. ஒரு மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்ததும் பாத்திரத்தில் மிச்சமிருந்த சோற்றை எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். அடுத்த ஒன்றேகால் மணி நேரத்தில் அது தானாகவே 101-க்கு இறங்கிவிட்டது. இறங்கியதை நான் கவனிக்கவே இல்லை. ஏறியது மட்டும்தான் கண்ணில் பட்டது.

புதிதாக அளக்கத் தொடங்குகிறவர்கள் அநேகமாக எல்லோரும் செய்கிற தவறு இது. ஏறுவதைப் பார்த்துப் பயப்படுகிறோம். எப்படி இறங்குகிறது, மறுமுறையும் அப்படியே நடக்கிறதா என்று பார்ப்பதில்லை. விஷயம் இருப்பது அந்த இரண்டிலும்தான்.

இந்தக் கட்டுரை, சர்க்கரை நோய் இல்லாத பெரியவர்கள் தங்கள் உடம்பைத் தெரிந்துகொள்வதற்காக. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவுகள் வேறு. அவர்கள் மருத்துவர் சொல்படிதான் போக வேண்டும். சாப்பாட்டைப் பற்றி ஏற்கெனவே பதற்றமும் குற்ற உணர்வும் உள்ளவர்களும் இந்த வேலையில் இறங்காமல் இருப்பது நல்லது. எண்கள் அந்தப் பதற்றத்துக்குத் தீனி போடும்.

கீழே வரும் சர்க்கரை அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில். உங்கள் கருவி மில்லிமோல் கணக்கில் காட்டினால் அதை 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 5.5 என்று காட்டினால் 99.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

ஒரு பெரியவரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சர்க்கரை அளவு 90 என்றால், அந்த மொத்த ரத்தத்திலும் இருப்பது நாலரை கிராம் குளுக்கோஸ். ஒரு தேக்கரண்டி அளவு, அவ்வளவுதான். இப்போது 250 கிராம் சோறு சாப்பிடுகிறீர்கள். அதில் 70 கிராமை ஒட்டி மாவுச்சத்து இருக்கும். ரத்தத்தில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு குளுக்கோஸ், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அந்த ரத்தத்தின் வழியாகவே கடந்து போயாக வேண்டும். இதை நினைத்துப் பார்த்தால், 90 என்பது 140 ஆவதில் ஆச்சரியம் இல்லை. 140-இலேயே நின்றுவிடுகிறதே, அதுதான் ஆச்சரியம்.

இந்தப் போக்குவரத்தை நடத்துவது கணையம். சாப்பாடு குடலைத் தொட்டதுமே குடல் சுவரிலிருந்து ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற ஹார்மோன்கள் கிளம்பி, சர்க்கரை வரப்போகிறது என்று கணையத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுகின்றன. அதனால்தான் அதே அளவு குளுக்கோஸை நரம்பு வழியாக ஏற்றுவதைவிட வாய் வழியாகக் கொடுக்கும்போது இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது. இன்சுலின் வந்ததும் கல்லீரல் தன் கையிருப்பை வெளியே விடுவதை நிறுத்துகிறது. தசைகள் கதவைத் திறந்து குளுக்கோஸை உள்ளே வாங்குகின்றன. கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் மொத்தம் சுமார் 400 கிராமும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு வடிவில் குளுக்கோஸைச் சேர்த்துவைக்க இடம் இருக்கிறது. இரவு தூங்கும்போது கதை தலைகீழ். மூளைக்கு ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் வேண்டும். அது தூங்கும் நேரத்திலும் நிற்காது. அப்போது குளுக்ககான் என்ற ஹார்மோன் சொல்ல, கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பை எடுத்துக் கொடுக்கிறது.

ஆக, திரையில் தெரியும் கோடு சாப்பிட்ட பொருளின் குணத்தை மட்டும் காட்டுவதில்லை. குடல், கணையம், கல்லீரல், தசை நான்கும் அன்றைக்கு எப்படி வேலை பார்த்தன என்பதன் கூட்டுக் கணக்கு அது.

படி 1: கருவி வாங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

நேராகச் சென்சாருக்குப் போகாதீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, கொழுப்புப் பட்டியல் ஆகிய மூன்றையும் ஆய்வகத்தில் எடுத்து, கூடவே இடுப்புச் சுற்றையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இதுதான் அடித்தளம்.

வெறும் வயிற்றில், அதாவது குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், 100-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய் என்று சந்தேகிக்க வேண்டிய எல்லை. இது அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் நடுவில் உள்ள நிலையை 110-இலிருந்துதான் தொடங்குகிறது. எச்பிஏ1சி 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-உம் மேலும் நோயின் எல்லை.

எச்பிஏ1சியைச் சுருக்கமாக மூன்று மாதச் சராசரி என்பார்கள். சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்கின்றன. அந்த வாழ்நாளில் அவற்றில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு. ஆகவே சிவப்பணுவின் ஆயுள் மாறினால் இந்த எண்ணும் பொய் சொல்லும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் சர்க்கரை ஏறாமலே எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் கோளாறுகளில் குறைத்துக் காட்டும். ரத்தசோகை இருந்தால் முதலில் அதைக் கவனித்துவிட்டு இதைப் பாருங்கள்.

சர்க்கரையை அறிய வந்த இடத்தில் கொழுப்பும் இடுப்பும் எதற்கு? காரணம் இருக்கிறது. 1988-இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன், உயர் ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுவது, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் குறைவது, சர்க்கரைத் தடுமாற்றம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வருவதையும், அவற்றின் அடியில் இன்சுலினுக்கு உடம்பு சரியாகச் செவிசாய்க்காத நிலை இருப்பதையும் எடுத்துச் சொன்னார். இன்று வளர்சிதை மாற்றக் கூட்டுக்கோளாறு என்று சொல்வது அந்தக் கூட்டத்தைத்தான். ஐந்து அடையாளங்களில் மூன்று இருந்தால் அந்தப் பெயர்: பெரிய இடுப்புச் சுற்று, ட்ரைகிளிசரைடு 150-உம் அதற்கு மேலும், எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே, ரத்த அழுத்தம் 130/85-உம் அதற்கு மேலும், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-உம் அதற்கு மேலும். இடுப்புச் சுற்றின் எல்லை மக்களினத்துக்கு ஏற்ப மாறும். பட்டியலைத் தேட வேண்டாம் என்றால், உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று ஒரு நாடாவைச் சுற்றிப் பாருங்கள், போதும்.

சர்க்கரை இயல்பாக இருப்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகிவிடாது, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் வெறும் வயிற்றில் 90. ஒருவருக்கு இன்சுலின் 6 அலகு, இன்னொருவருக்கு 18. முதலாமவரின் கணையம் சாதாரணமாகப் பேசினாலே உடம்பு கேட்டுக்கொள்கிறது. இரண்டாமவரின் கணையம் அதே வேலைக்கு மூன்று மடங்கு கத்த வேண்டியிருக்கிறது. இன்சுலினையும் சர்க்கரையையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் வருவதை ஹோமா-ஐஆர் என்பார்கள்; இந்த எண் கூடக் கூட, உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்ப்பது குறைகிறது என்று அர்த்தம். முதலாமவருக்கு 1.3, இரண்டாமவருக்கு 4. சர்க்கரை மட்டும் பார்த்திருந்தால் இருவரும் ஒன்றுதான். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இன்சுலின் அளவு மாறும் என்பதால் இந்தச் சோதனையை எல்லோரும் எடுத்தாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ட்ரைகிளிசரைடு கூடியும் எச்டிஎல் குறைந்தும் இடுப்பு பெருத்தும் இருந்தால், அதுவே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

படி 2: எதை வைத்து அளப்பது

விரலில் குத்தும் குளுக்கோமீட்டர் அல்லது தோலில் ஒட்டும் சென்சார். சென்சார் முன்பு மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும் பொருளாக இருந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய முதல் சென்சாருக்கு அனுமதி கொடுத்தது. அதன் பிறகு நோய் இல்லாதவர்கள் ஒட்டிக்கொள்வது வேகமாகப் பெருகிவிட்டது. கட்டாயமா? இல்லை. கீழே சொல்லப்போகிற சோதனைகள் எல்லாவற்றையும் குளுக்கோமீட்டரை வைத்தே செய்யலாம். விரல்தான் கொஞ்சம் வலிக்கும்.

குளுக்கோமீட்டர் என்றால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறு போதும், 95 இருக்க வேண்டிய இடத்தில் 180 காட்டுவதற்கு. எனக்கு ஒருமுறை அப்படி நடந்து, கழுவிவிட்டு மறுபடி குத்தியதும்தான் உயிர் வந்தது. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். வலி குறையும். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவையுங்கள், ஈரம் பட்டால் கெட்டுவிடும்.

துல்லியத்தைப் பற்றி ஒன்று. இந்தக் கருவிகளுக்கான 2013-ஆம் ஆண்டு பன்னாட்டுத் தர விதிப்படி, 100-உம் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் நூற்றுக்கு 95 தடவை ஆய்வக முடிவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அதாவது உண்மையில் 140 இருக்கும்போது கருவி 119 காட்டினாலும் 161 காட்டினாலும் அது பாஸ். ஆகவே நேற்று 132, இன்று 138 என்றால் ஆறு புள்ளி ஏறிவிட்டது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டும் ஒன்றுதான்.

சென்சார் ரத்தத்தை அளப்பதே இல்லை. தோலுக்கு அடியில், செல்களுக்கு நடுவே உள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸைத்தான் அளக்கிறது. ரத்தத்தில் ஏறியது அங்கே போய்ச் சேர 5 முதல் 15 நிமிடம் ஆகும். வேகமாக ஏறும் நேரத்திலும் இறங்கும் நேரத்திலும் விரல் அளவும் சென்சார் அளவும் ஒத்துப்போகாது. அது கோளாறு இல்லை. ஒட்டிய முதல் நாள் அளவுகளை நம்பாதீர்கள். என் 158-உம் அந்த நாளில் வந்ததுதான். இரவில் அந்தக் கையின் மேல் படுத்தால் சென்சார் அழுந்தி, திடீரென்று 55, 60 என்று காட்டும். புரண்டு படுத்ததும் சரியாகிவிடும். சில வகைச் சென்சார்களில் அதிக அளவு வைட்டமின் சி மாத்திரையும் வேறு சிலவற்றில் பாராசிட்டமாலும் அளவைக் கூட்டிக் காட்டும். உள்ளே வரும் தாளில் எழுதியிருப்பார்கள். அந்த ஒரு பத்தியையாவது படியுங்கள்.

படி 3: முதல் நான்கு நாள் எதையும் மாற்றாதீர்கள்

இதுதான் கஷ்டமான படி. கருவி கைக்கு வந்ததும் எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறோம். வழக்கமாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டு முதல் நாளே கீரையும் முட்டையுமாக உட்கார்ந்தால், உங்கள் இயல்பு வாழ்க்கையின் கோடு எப்படி இருந்தது என்று தெரியாமலே போய்விடும். முதல் நாளைக் கழித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, எப்போதும் தூங்கும் நேரத்தில் தூங்குங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, நடந்தீர்களா, எத்தனை மணி நேரத் தூக்கம் என்று மட்டும் எழுதிவையுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் வேண்டுமே? 2019-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத, 7 வயது முதல் 80 வயது வரையான 153 பேருக்குச் சென்சார் ஒட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குச் சராசரி 98, 99-ஐ ஒட்டி இருந்தது. நாளின் 96 சதவீத நேரம் 70-க்கும் 140-க்கும் நடுவில். 140-க்கு மேலே போன நேரம் நாளில் சுமார் 2 சதவீதம், அதாவது ஏறக்குறைய அரை மணி நேரம். 70-க்குக் கீழே கால் மணி நேரம் போல. நோய் இல்லாதவர்களுக்கும் 140 தாண்டும், 70-க்குக் கீழேயும் எட்டிப்பார்க்கும் என்பதுதான் இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. எப்போதோ ஒருமுறை 150, 160 தொட்டுவிட்டு இறங்குவது நோய் இல்லை.

காலையில் எழும்போது, எதுவும் சாப்பிடாமலே சர்க்கரை கொஞ்சம் ஏறுவதையும் பார்ப்பீர்கள். விடியற்காலையில் கார்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் கல்லீரலைத் தட்டி எழுப்புவதால் வருவது இது. உடம்பு உங்களுக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கோட்டைப் படிக்கப் பழகுவது

ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் நான்கு விஷயம் பாருங்கள். எங்கிருந்து கிளம்பியது, எவ்வளவு ஏறியது, எத்தனை நிமிடத்தில் உச்சிக்குப் போனது, கிளம்பிய இடத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது.

நோய் இல்லாதவர்களுக்கு உச்சி பெரும்பாலும் 30 முதல் 60 நிமிடத்துக்குள் வந்துவிடும். இரண்டு, மிஞ்சினால் மூன்று மணி நேரத்தில் கிளம்பிய இடத்துக்கு அருகில் வந்துவிட வேண்டும். கூர்மையாக ஏறி வேகமாக இறங்கும் கோட்டைவிட, 150-ஐ ஒட்டிப் போய் அங்கேயே இரண்டு மணி நேரம் குந்திக்கொண்டிருக்கும் கோடுதான் எனக்குக் கவலை தரும். முன்னதில் இன்சுலின் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் வந்ததும் வேலையை முடித்துவிட்டது. பின்னதில் வந்தும் வேலை நடக்கவில்லை. ஆனால் அங்கேயும் ஒரு நிபந்தனை: எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த சாப்பாடு வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். அதனால் கோடு தாழ்வாக, நீளமாக இழுத்துக்கொண்டு போவது சகஜம்.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு, பலர் கவனிக்காதது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, கிளம்பிய இடத்தைவிடக் கீழே போய்விட்டு ஏறுகிறதா? 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், அப்படிப் பள்ளத்தில் இறங்குகிறவர்களுக்குப் பசி சீக்கிரம் வந்தது, அன்றைக்குச் சாப்பிட்டதும் கூடியது. பதினோரு மணிக்கு ஏன் கை பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். விடை காலைச் சாப்பாட்டின் கோட்டுக்கு வலது ஓரத்தில் இருந்தது.

படி 5: ஒரே கேள்வியை மூன்று முறை கேளுங்கள்

இனிமேல்தான் சோதனை. அதற்கு முன் சின்ன வரலாறு.

1981-இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கிளைசீமிக் குறியீடு என்ற கணக்கைக் கொண்டுவந்தார்கள். 50 கிராம் மாவுச்சத்து வருமாறு ஓர் உணவை வெறும் வயிற்றில் கொடுத்து, அது ஏற்றும் சர்க்கரையைக் குளுக்கோஸ் ஏற்றுவதோடு ஒப்பிடுவது. நல்ல கணக்குதான். ஆனால் யாரும் வெறும் உருளைக்கிழங்கை மட்டும் வெறும் வயிற்றில் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவதில்லை. அப்புறம் 2015-இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் 800 பேரின் 46,000-க்கும் மேற்பட்ட சாப்பாடுகளை அளந்தார்கள். ஒரே உணவு ஒருவருக்கு ஏற்றுகிறது, இன்னொருவருக்கு அசையவே இல்லை. ஆளுக்கு ஆள் வேறு என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது. அவரவர் உணவை அவரவர் சென்சார் சொல்லும் என்று ஒரு வியாபாரமே அதன்மேல் எழுந்தது.

பிறகு வந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள், நோய் இல்லாதவர்களை ஆய்வு விடுதியிலேயே தங்கவைத்து, அதே சாப்பாட்டைச் சில நாள் இடைவெளியில் அதே ஆளுக்கு மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஆளுக்கு, ஒரே சாப்பாட்டுக்கு, இரண்டு தடவையும் வெவ்வேறு ஏற்றம். வெவ்வேறு சாப்பாடுகளுக்கு நடுவே இருந்த வேறுபாட்டுக்குக் கிட்டத்தட்ட நிகராக இருந்தது இந்த வேறுபாடு. அப்படியானால் ஒரு நாள் வாழைப்பழம் சாப்பிட்டு 155 பார்த்தவர், எனக்கு வாழைப்பழம் ஆகாது என்று தீர்ப்பு எழுதுவதில் என்ன அர்த்தம்?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "காலையில் ரொட்டியை மட்டும் சாப்பிடுவதற்கும் முட்டையோடு சாப்பிடுவதற்கும் எனக்கு என்ன வித்தியாசம்?" என்பதுபோல. அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரே மணிக்குச் சாப்பிடுங்கள். முந்தைய இரவுச் சாப்பாடும் தூக்கமும் கூடிய மட்டும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு வேளைச் சாப்பாடு அடுத்த வேளையின் ஏற்றத்தையும் மாற்றும். குளுக்கோமீட்டர் என்றால் சாப்பிடும் முன், பிறகு முதல் வாயிலிருந்து எண்ணி 30, 60, 90, 120 நிமிடத்தில் குத்துங்கள். கடைசி வாயிலிருந்து எண்ணுவது பரவலான தவறு. ஒவ்வொரு வகையையும் மூன்று நாள், ஒன்று விட்டு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மூன்று தடவையும் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம். இரண்டுக்கு ஒன்று என்று வந்தால், உங்களுக்கு அந்த வித்தியாசம் அவ்வளவு முக்கியமில்லை என்று விட்டுவிடுங்கள். முடிவு வராததும் ஒரு முடிவுதான்.

படி 6: எதைச் சோதித்துப் பார்க்கலாம்

நடை. என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சோதிக்கச் சொல்வேன். தசை சுருங்கி விரியும்போது, குளுக்கோஸை உள்ளே விடும் ஜிஎல்யுடி4 என்ற வாயில்கள் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடும். இன்சுலின் வந்து தட்ட வேண்டிய அவசியமே இல்லை. இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத உடம்பிலும் இந்தக் கொல்லைக் கதவு திறக்கும். 2013-இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சர்க்கரை ஏறும் அபாயத்தில் இருந்த முதியவர்களை வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் 15 நிமிடம் நடந்தது நாள் முழுவதற்குமான சர்க்கரையைக் குறைத்தது; இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஏற்றத்தை அடக்கியதும் இந்தச் சின்ன நடைதான். வேகம் முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள், உச்சிக்குப் போகும் முன்னால் கிளம்ப வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து நடந்தால் உடம்புக்கு நல்லது, கோட்டின் உச்சி மட்டும் ஏற்கெனவே வந்துபோயிருக்கும்.

வரிசை. காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில். 2015-இல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோயாளிகள் 11 பேரிடம் இதைப் பார்த்தார்கள். அதே சாப்பாடு, வரிசை மட்டும் மாறியது. ஒரு மணி நேர அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அவர்கள் நோயாளிகள், சிறு கூட்டம். நோய் இல்லாதவருக்கு இறக்கம் அவ்வளவு இருக்காது. ஆனால் இதில் எதையும் விடவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். சோதித்துப் பார்க்க இதைவிடச் சுலபமானது கிடையாது.

தூக்கத்தைச் சோதிக்கச் சொல்ல மாட்டேன், அது தானாகவே சோதனையாகிவிடும். 1999-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்கள் 11 பேரை ஆறு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டதில், அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகவே சரிந்தது. உங்கள் குறிப்பேட்டில் தூங்காத இரவுக்கு மறுநாளின் கோட்டை எடுத்துப் பாருங்கள்.

மற்றவை சில்லறை. பழத்தைச் சாறாக்காமல் கடித்துச் சாப்பிடுவது. சமைத்து ஆறவைத்த சோற்றிலும் உருளைக்கிழங்கிலும் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடுகிறது, அதைப் பார்ப்பது. அதே சாப்பாட்டைக் காலையிலும் இரவிலும் சாப்பிட்டு ஒப்பிடுவது; பலருக்கு இரவில்தான் அதிகம் ஏறும், ஏனென்றால் மாலைக்குப் பிறகு உடம்பின் கடிகாரம் இன்சுலின் வேலையைக் குறைத்துக்கொள்கிறது.

படி 7: ஏமாறாமல் இருக்க

தட்டையான கோடு அழகாக இருக்கும். அதற்காக மாவுச்சத்தை எல்லாம் தள்ளிவிட்டு வெண்ணெயும் பொரித்ததுமாகச் சாப்பிட்டாலும் கோடு தட்டையாகத்தான் இருக்கும். எடையும் கெட்ட கொழுப்பும் சத்தமில்லாமல் ஏறுவதைச் சென்சார் காட்டாது. பழச்சர்க்கரை எனப்படும் ஃப்ரக்டோஸும் அப்படித்தான். அதில் பெரும்பங்கு கல்லீரலிலேயே மாற்றப்பட்டுவிடுவதால் ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாது. கோடு ஏறவில்லை என்பதற்காகப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தால் அதன் சுமை கல்லீரலில்.

கடுமையான உடற்பயிற்சியின்போது சர்க்கரை ஏறுவதைப் பார்த்து உடற்பயிற்சியை நிறுத்தியவரை எனக்குத் தெரியும். வேகமாக ஓடும்போதும் கனமான எடை தூக்கும்போதும் அட்ரினலின் சொல்லிக் கல்லீரல் குளுக்கோஸைக் கொட்டுகிறது. ஓடுகிற தசைக்காக வந்தது அது. சற்று நேரத்தில் இறங்கிவிடும். காய்ச்சல், சளி, பரீட்சை, சண்டை எல்லாமே ஏற்றும். அந்த நாட்களைக் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் நாட்களையும்தான்.

இன்னொன்று, மாவுச்சத்தைப் பல வாரம் குறைத்திருந்தவர் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் பரிசோதனைக்குப் போனால், நோய் இல்லாவிட்டாலும் மோசமான முடிவு வரலாம். கணையம் அவ்வளவு பெரிய சுமைக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அந்தச் சோதனைக்கு முந்தைய மூன்று நாளும் தினம் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆய்வகத்தில் இதைக் கேட்க மறந்துவிடுவார்கள். நீங்களே சொல்லிவிடுங்கள்.

படி 8: எப்போது மருத்துவரிடம் போவது, எப்போது கழற்றுவது

சென்சாரை வைத்து யாருக்கும் நோய் என்று முடிவு செய்வதில்லை. ஆய்வக ரத்தம்தான் கணக்கு. வெறும் வயிற்று அளவு பல நாள் 100-க்கு மேலே வந்தாலோ, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் 140-க்கு மேலே நிற்பது வழக்கமாகிவிட்டாலோ, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். 200 தாண்டுவதோடு தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடை இழப்பு சேர்ந்திருந்தால் அன்றைக்கே போக வேண்டும். வியர்வையும் நடுக்கமுமாக 55-க்குக் கீழே இறங்கி, அதை விரலில் குத்தியும் உறுதி செய்திருந்தால் அதையும் காட்ட வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் ஒரு சென்சாரின் ஆயுளான 10, 15 நாள் போதும். உங்கள் இயல்பு நாள் எப்படி இருக்கும், எந்தச் சாப்பாடு இழுத்துக்கொண்டு போகிறது, நடை உங்களுக்கு எவ்வளவு உதவுகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். ஆண்டு முழுவதும் ஒட்டிக்கொண்டு திரிய நான் சொல்ல மாட்டேன். மூன்றாவது வாரத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாமல், வெறுமனே எண்ணை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றிவிட்டேன். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடப்பது மட்டும் தங்கிவிட்டது. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வருடம் கழித்துத் தேதி குறித்துவைத்திருக்கிறேன்; அதே ஆய்வகம், அதே மூன்று சோதனைகள், இடுப்பைச் சுற்ற அதே நாடா.